கடுங்குளிரும் மின்வெட்டும்: வீட்டில் எது நின்றால் எதை முதலில் பார்ப்பது

பனிக்காலத்து இரவில் வீட்டில் ஏதாவது நின்றுபோனால், காரணம் பெரும்பாலும் சின்னதாகத்தான் இருக்கும். பனி மூடிய புகைக்குழாய், தீர்ந்துபோன பேட்டரி, யாரோ கைதவறி அணைத்த சுவிட்ச். நடுராத்திரியில் ஆளைக் கூப்பிட்டு, அவர் வந்து ஒரு ஃபில்டரைக் கழற்றிக் காட்டிவிட்டுப் போவதை எத்தனையோ வீடுகளில் பார்த்தாயிற்று. உடனே ஆளைக் கூப்பிட வேண்டிய இடத்தில், தாங்களே திறந்து பார்த்து ஆபத்தைத் தேடிக்கொண்டவர்களும் உண்டு. இந்த இரண்டையும் பிரித்துக் காட்டத்தான் இதை எழுதுகிறேன். உங்கள் வீட்டில் இப்போது என்ன நடக்கிறதோ, அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். ஒவ்வொன்றிலும் செலவில்லாத சோதனை முதலில் வரும், காசு வைப்பது கடைசியில் வரும்.

## இன்னும் குளிர் தொடங்கவில்லை என்றால்

வெளிச்சம் இருக்கும் ஒரு நாளில், வீட்டுக்குள் தண்ணீர் நுழையும் இடத்தில் உள்ள மெயின் வால்வைத் தேடிப் பிடித்து ஒருமுறை மூடித் திறந்து பாருங்கள். பல வருடம் யாரும் தொடாத வால்வு இறுகிப்போயிருக்கும். தரையில் தண்ணீர் ஓடும்போது அது தெரியவந்தால் ஒன்றும் செய்ய முடியாது. மின்பலகையில் எந்த பிரேக்கர் எந்த அறைக்கு என்று எழுதி ஒட்டுங்கள். சூடேற்றும் இயந்திரத்தின் காற்றுக்குழாயும் புகைக்குழாயும் வெளிச்சுவரில் எங்கே வெளிவருகின்றன என்று போய்ப் பார்த்து, பனி மூடினாலும் இடம் தெரியும்படி பக்கத்தில் ஒரு கம்பு நட்டுவையுங்கள். மின்சாரத்தில் ஓடும் கராஜ் கதவு இருந்தால், அதைக் கையால் திறப்பதற்கு இழுக்க வேண்டிய கயிறு எங்கே தொங்குகிறது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியட்டும்.

குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் வீதம், குறைந்தது மூன்று நாளுக்குத் தண்ணீர் வேண்டும். கிணற்று மோட்டாரை நம்பியிருக்கும் வீட்டில் கரண்ட் போனதும் தண்ணீரும் போய்விடும். அங்கே கழிப்பறைக்கு ஊற்ற ஒரு தொட்டி நிறையத் தனியாகப் பிடித்து வைக்க வேண்டும். விளக்குக்கு டார்ச்சும் உதிரி பேட்டரியும் போதும். மெழுகுவத்தி வேண்டாம் என்பேன். எல்லோரும் போர்வையும் மெத்தையுமாக ஒரே அறையில் ஒடுங்கியிருக்கும் இரவில் திறந்த தீ வைப்பது தேவையில்லாத ஆபத்து.

## ஒரே நேரத்தில் பலருக்குத் தலைவலி, அல்லது அலாரம் கத்துகிறது

இதை மற்ற எல்லாக் கோளாறுகளுக்கும் முன்னால் வைக்கக் காரணம், இதில் மட்டும் ஆராய்ந்து பார்க்க நேரம் கிடையாது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறம் இல்லை, மணம் இல்லை. தலைவலி, தலைசுற்றல், குமட்டல், அசதி என்று ஃப்ளூ போலவே தொடங்கும், ஆனால் உடம்பு சுடாது. ஒருவருக்கு மேல் ஒரே நேரத்தில் வந்தாலோ, வெளியே போனதும் தெளிந்தாலோ, வீட்டு நாயோ பூனையோ சேர்ந்து துவண்டு கிடந்தாலோ, காரணம் தேடிக்கொண்டிருக்காதீர்கள். எல்லோரும் வெளியே வந்து, வெளியில் நின்றுகொண்டே அவசர உதவி எண்ணை அழையுங்கள். சன்னலைத் திறந்துவிட்டு உள்ளேயே இருப்பது போதாது. தீயணைப்புத் துறையினர் கருவியால் அளந்து சரி என்று சொல்லும் வரை உள்ளே போகக் கூடாது.

அலாரத்தின் சத்தத்தைப் பிரித்தறியத் தெரிந்திருப்பது நல்லது. நான்கு குறுகிய ஒலி, சின்ன இடைவெளி, மறுபடி நான்கு என்று கத்தினால் அது வாயுவுக்கான எச்சரிக்கை. அரை நிமிடத்துக்கோ ஒரு நிமிடத்துக்கோ ஒருமுறை மட்டும் 'கிளிக்' என்று சத்தம் போட்டால் பேட்டரி தீர்கிறது, அல்லது கருவியின் ஆயுள் முடிகிறது. பின்பக்கம் தேதி அச்சிட்டிருப்பார்கள். மாதிரியைப் பொறுத்து 5 முதல் 10 வருடம்தான் ஆயுள், அதற்கு மேல் போனதைத் தூக்கிப்போட்டுவிட்டுப் புதிது மாட்டுங்கள். ஒவ்வொரு தளத்திலும் ஒன்று, படுக்கையறைக்குப் பக்கத்தில் கட்டாயம் ஒன்று. கரண்ட் இல்லாதபோதும் வேலை செய்யும்படி பேட்டரி உள்ளதாக வாங்குங்கள்.

மின்வெட்டின்போது இந்த வாயு எங்கிருந்து வருகிறது என்பது எப்போதும் ஒரே கதைதான்: கதவோரம் வைத்த ஜெனரேட்டர், வீட்டுக்குள் கொண்டுவந்த கரி அடுப்பு, சூட்டுக்காக எரியவிட்ட சமையல் கேஸ் அடுப்பு, கராஜுக்குள் ஓடவிட்ட கார். 2021 பிப்ரவரியில் டெக்சாஸில் பனிப்புயலால் லட்சக்கணக்கான வீடுகள் இருண்டபோது, குளிரோடு சேர்ந்து இந்த வாயுவும் உயிர்களைப் பறித்தது. கராஜ் கதவைத் திறந்து வைத்தாலும் கார் புகை வீட்டுக்குள் நுழையும். வெளியே நிறுத்திய காரில் உட்கார்ந்து சூடேற்றிக்கொள்வதாக இருந்தால், புகைபோக்கியைச் சுற்றியுள்ள பனியை முதலில் அள்ளிப் போட்டுவிட்டு இன்ஜினைக் கிளப்புங்கள்.

## கரண்ட் இல்லை

### தெருவே இருட்டாக இருக்கிறது

மின்வாரியத்துக்குத் தகவல் சொல்லிவிட்டு, ஹீட்டர், ஓவன், கணினி எல்லாவற்றையும் அணைத்துப் பிளக்கைப் பிடுங்குங்கள். கரண்ட் திரும்பும்போது எல்லா வீடுகளும் ஒரே நொடியில் இழுத்தால் மறுபடி போய்விடும், உங்கள் சாதனங்களுக்கும் அது நல்லதல்ல. ஒரே ஒரு விளக்கை மட்டும் போட்டபடி விடுங்கள், வந்தது தெரியும்.

அறுந்து விழுந்த கம்பி எதுவாக இருந்தாலும் உயிருள்ள கம்பி என்றே எடுத்துக்கொள்ளுங்கள். குறைந்தது 10 மீட்டர் தள்ளி நின்று, மற்றவர்களையும் தடுத்து, தகவல் சொல்வதோடு உங்கள் வேலை முடிந்தது.

### பக்கத்து வீட்டில் விளக்கு எரிகிறது, இங்கே மட்டும் இல்லை

மின்பலகையைப் பாருங்கள். மெயினோ கசிவுமின் பாதுகாப்புச் சுவிட்சோ விழுந்திருந்தால், சின்ன பிரேக்கர்கள் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மெயினை ஏற்றுங்கள். அப்புறம் ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். எதை ஏற்றும்போது மெயின் விழுகிறதோ, கோளாறு அந்தச் சுற்றில். அதை அணைத்தபடி விட்டுவிட்டு மற்றதை ஓட்டலாம்.

அந்தச் சுற்றில் மாட்டியிருக்கும் எல்லா பிளக்கையும் கழற்றிவிட்டு மறுபடி ஏற்றிப் பாருங்கள். இப்போது விழாமல் இருந்தால் ஏதோ ஒரு சாதனம்தான் காரணம். குளிர்காலத்தில் பெரும்பாலும் இரண்டில் ஒன்று: ஒரே சுற்றில் இரண்டு அறை ஹீட்டர், அல்லது வெளிச்சுவர் சாக்கெட்டில் பனி நனைத்த ஒயர். எதுவும் மாட்டாமலே விழுகிறது என்றால் சுவருக்குள் உள்ள ஒயரிங்கில் கோளாறு. எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். திரும்பத் திரும்ப ஏற்றிப் பார்ப்பதும், பெரிய பிரேக்கர் மாட்டிச் சமாளிப்பதும் தீயில் போய் முடியும். மின்பலகை சுட்டாலோ கருகல் வாசம் வந்தாலோ மெயினை அணைத்துவிட்டு அப்போதே கூப்பிடுங்கள்.

### சில விளக்கு மங்கலாக, சில விளக்கு அளவுக்கு மீறிப் பிரகாசமாக

பனிக்கட்டியின் பாரத்தில் கம்பி இழுபட்டு நியூட்ரல் இணைப்பு அறுந்திருக்கலாம். சாதனங்களுக்குள் அளவுக்கு மீறிய மின்னழுத்தம் போகிறது என்று அர்த்தம், தீ பிடிக்கவும் கூடும். இதில் நீங்கள் செய்யக்கூடியது ஒன்றுதான்: மெயினை அணைத்துவிட்டு மின்வாரியத்தின் அவசரப் பிரிவை அழைப்பது.

## கரண்ட் இருக்கிறது, வீடு சூடாகவில்லை

என்னிடம் அதிகம் வருவது இந்தக் கேள்விதான். ஆளைக் கூப்பிடாமல் அதிகம் தீர்வதும் இதுதான்.

### இயந்திரத்தில் அசைவே இல்லை

தெர்மோஸ்டாட்டில் தொடங்குங்கள். 'வெப்பம்' என்ற நிலையில் இருக்கிறதா? வைத்திருக்கும் அளவு அறையின் இப்போதைய வெப்பத்தைவிட அதிகமா? திரை மங்கலாகவோ வெறுமையாகவோ இருந்தால் பேட்டரியை மாற்றுங்கள். மின்வெட்டுக்குப் பிறகு சில தெர்மோஸ்டாட்கள் பழைய அமைப்பை மறந்துவிடும்.

அடுத்து, இயந்திரத்தின் பக்கவாட்டிலோ அந்த அறை வாசலிலோ சாதாரண விளக்குச் சுவிட்ச் மாதிரியே ஒன்று இருக்கும். அது இயந்திரத்துக்கான சுவிட்ச். விளக்கென்று நினைத்து யாராவது அணைத்திருப்பார்கள். அப்புறம் பிரேக்கர். சமீபத்தில் ஃபில்டர் மாற்றியிருந்தால், மூடிக் கதவு சரியாக அழுந்தி உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே ஒரு பாதுகாப்புச் சுவிட்ச் இருக்கிறது, கதவு சற்றே விலகியிருந்தாலும் இயந்திரம் ஓடாது.

இதெல்லாம் சரியென்றால் எரிபொருள். கேஸ் என்றால் அடுப்பு எரிகிறதா என்று பாருங்கள். எண்ணெய் என்றால் தொட்டியின் அளவுகாட்டியைப் பாருங்கள். எண்ணெய் முழுக்கத் தீர்ந்து நின்றிருந்தால் தொட்டியை நிரப்பினால் மட்டும் போதாது, குழாயில் புகுந்த காற்றையும் வெளியேற்ற வேண்டும். பழக்கம் இல்லையென்றால் அதற்கு ஆள் வேண்டும். வெளியே வைத்த தொட்டியில் எண்ணெய் கடுங்குளிரில் திரண்டு ஃபில்டரை அடைப்பதும் உண்டு.

### கிளம்புகிறது, சில நிமிடத்தில் நின்றுவிடுகிறது

ஃபில்டரைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். வெளிச்சம் ஊடுருவவில்லை என்றால் காற்று போக வழியில்லாமல் இயந்திரம் உள்ளுக்குள் சூடேறி, பாதுகாப்புக்காகத் தானே நின்றுவிடுகிறது. புது ஃபில்டர் இல்லையா? சரி, அந்த இரவுக்கு மட்டும் ஃபில்டர் இல்லாமல் ஓட்டுங்கள், மறுநாள் கண்டிப்பாக வாங்கி மாட்டுங்கள்.

ஃபில்டர் சுத்தமாக இருந்தால் வெளியே போய், வெளிச்சுவரில் இயந்திரத்தின் காற்றுக்குழாய், புகைக்குழாய் இரண்டையும் பாருங்கள். பனிப்புயலுக்குப் பிறகு இதுதான் முதல் சந்தேகம். காற்று அடித்துக் கொண்டுவந்த பனி குழாய் வாயை மூடியிருக்கும், அல்லது வெளிவரும் ஈரம் வாயிலேயே உறைந்திருக்கும். கையால் எடுங்கள், மண்வெட்டியால் தட்டினால் பிளாஸ்டிக் குழாய் விரிசல் விடும். சுற்றிலும் தாராளமாக இடம் விட்டு, புயல் நீடிக்கும் வரை சில மணி நேரத்துக்கு ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

இரண்டும் சரி, இன்னும் நிற்கிறது என்றால் தீச்சுடரை உணரும் கம்பியில் படிந்த அழுக்கோ, காற்றழுத்தச் சுவிட்சோ காரணமாக இருக்கலாம். இவை பெரிய பழுது அல்ல. ஆனால் கேஸ் இயந்திரத்தைத் திறப்பது உரிமம் பெற்ற ஆளின் வேலை. மீட்டமைப்புப் பொத்தானை ஒருமுறை அழுத்தலாம். எண்ணெய் இயந்திரத்தில் அதைத் திரும்பத் திரும்ப அழுத்தவே கூடாது. ஒவ்வொரு அழுத்தத்துக்கும் எரியாத எண்ணெய் இயந்திரத்தின் எரியறைக்குள் சேர்ந்து, கடைசியில் பற்றும்போது மொத்தமாகப் பற்றிக்கொள்ளும்.

கேஸ் வாசம் வந்தால் எந்தச் சுவிட்சையும் தொடாமல் வெளியே வந்து, வெளியிலிருந்து போன் செய்யுங்கள்.

### பாய்லர் குடகுடவென்று சத்தம் போட்டு நிற்கிறது

புதிய வகைப் பாய்லர்களில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் குழாய் வழியாக நீர் வெளியே சொட்டும். வெளிச்சுவரில் போகும் பகுதி உறைந்துவிட்டால் நீர் பின்வாங்கி, பாய்லர் பிழைக்குறியீடு காட்டி நின்றுவிடும். வெளிப்பகுதியின் வளைவுகளிலும் கடைசி முனையிலும் வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றுங்கள். கொதிநீர் வேண்டாம், குழாய் பிளக்கும். எட்டாத உயரத்தில் இருந்தால் ஏணி வைத்துப் பனித்தரையில் ஏறாதீர்கள், ஆளைக் கூப்பிடுங்கள். இளகியதும் ஒருமுறை மீட்டமைத்தால் ஓடத் தொடங்கும். அடுத்த குளிருக்கு முன் அந்தக் குழாய்க்கு நுரை உறை போட்டுவிடுங்கள்.

அழுத்தமானியையும் பாருங்கள். குளிர்ந்த நிலையில் 1 முதல் 1.5 பார் வரை இருக்க வேண்டும். குறைந்திருந்தால் கையேட்டில் சொல்லியபடி நீர் ஏற்றுங்கள். ஏற்றியும் வாரத்துக்குள் மறுபடி இறங்கினால் எங்கோ கசிகிறது, அது பிளம்பர் வேலை.

### சில ரேடியேட்டர் மட்டும் குளிர்ந்திருக்கிறது

மேல்பாதி குளிர், கீழ்பாதி சூடு என்றால் உள்ளே காற்று. ஓரத்துத் திருகைச் சாவியால் மெல்லத் திறந்து, சீறல் நின்று நீர் வந்ததும் மூடுங்கள். மேலே சூடு, கீழே குளிர் என்றால் சகதி படிந்திருக்கிறது, அதைக் கழுவி எடுக்க ஆள் வேண்டும்.

### வெளியே உள்ள ஹீட் பம்பில் பனி

ஹீட் பம்ப் என்பது வெளிக்காற்றின் வெப்பத்தை வீட்டுக்குள் இழுக்கும் இயந்திரம். அதன் மேல் மெல்லிய வெண்படலமும், அவ்வப்போது நின்று ஆவி கிளம்புவதும் இயல்பு. படலத்தை அது தானே உருக்கிக்கொள்கிறது. மொத்த இயந்திரமும் பனிக்கட்டிக்குள் புதைந்து மணிக்கணக்கில் அப்படியே இருந்தால்தான் கோளாறு. முதலில் சுற்றிலும் குவிந்த பனியை அரை மீட்டருக்காவது ஒதுக்குங்கள். கூரையிலிருந்து அதன் மேல் நீர் சொட்டுகிறதா என்றும் பாருங்கள். கத்தி, ஸ்க்ரூடிரைவர் கொண்டு கொத்தாதீர்கள். தகடுகளுக்கு நடுவே ஓடும் குழாய் பொத்துவிட்டால் உள்ளே உள்ள குளிர்பதன வாயு முழுக்கப் போய்விடும். அணைத்துவிட்டு வெதுவெதுப்பான நீர் ஊற்றி உருக்கலாம். மறுபடி அதேபோல் உறைந்தால் ஆள் பார்க்க வேண்டும்.

## கரண்டும் இல்லை, வீடு குளிர்ந்துகொண்டே போகிறது

முழு வீட்டையும் காப்பாற்ற நினைக்காதீர்கள். ஓர் அறையைத் தேர்ந்தெடுங்கள்: சின்னது, சன்னல் குறைவானது, முடிந்தால் பகலில் வெயில் படுவது. மற்ற கதவுகளை மூடி, கதவடி இடுக்கில் துண்டைச் சுருட்டி வையுங்கள். சன்னலுக்குப் போர்வையோ பிளாஸ்டிக் தாளோ மாட்டுங்கள், வெயில் நேரத்தில் மட்டும் திரையை விலக்குங்கள். தரைதான் உடம்புச் சூட்டை அதிகம் உறிஞ்சும், அதனால் மேலே போர்த்துவதற்குச் சமமாகக் கீழேயும் விரிக்க வேண்டும். அறைக்குள் கூடாரம் போட்டுப் படுத்தால் அந்தச் சின்ன இடம் உடம்புச் சூட்டிலேயே வெதுவெதுப்பாகும். காற்று எங்கே நுழைகிறது என்று தெரியாவிட்டால் நனைத்த கையைச் சன்னல், கதவு ஓரங்களில் நகர்த்துங்கள், சில்லென்று படும் இடத்தை அடைத்துவிடுங்கள். கணப்பில் விறகு எரிப்பதாக இருந்தால் மட்டும் எல்லா இடுக்கையும் அடைக்காமல் காற்று வர வழி விட வேண்டும்.

ஜெனரேட்டரில் அறை ஹீட்டர் ஓட்டினால், எரியக்கூடிய எதற்கும் 1 மீட்டர் தள்ளி வையுங்கள். வீட்டுக் கரண்டில் ஓட்டும்போது நேராகச் சுவர் சாக்கெட்டில்தான் மாட்ட வேண்டும். எக்ஸ்டென்ஷன் பெட்டி வேண்டாம். பிளக் கையில் சுட்டால் சாக்கெட் தளர்ந்திருக்கிறது, உடனே கழற்றுங்கள்.

வீட்டில் இருப்பவர்களைக் கவனியுங்கள். அடக்க முடியாத நடுக்கம், பேச்சுக் குழறல், பட்டன் போட முடியாமல் தடுமாறும் விரல், காரணமில்லாத தூக்கம் எல்லாம் உடம்பு வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்குவதன் அடையாளம். நடுங்கிக்கொண்டிருந்தவருக்கு, உடம்பு சூடாகாமலே நடுக்கம் நின்றால் தேறிவிட்டார் என்று நினைக்காதீர்கள், நிலைமை மோசமாகிறது. கைக்குழந்தைக்கு நடுக்கமே வராமல் போகலாம். தோல் சிவந்து சில்லிட்டு, குழந்தை துவண்டிருக்கும். ஈர உடையை மாற்றி, மார்பையும் வயிற்றையும் முதலில் சூடாக்குங்கள். கைகாலைத் தேய்க்காதீர்கள், மது கொடுக்காதீர்கள், உதவி எண்ணை அழையுங்கள். முதியவர், குழந்தை, ஆக்சிஜன் கருவியில் இருப்பவர் உள்ள வீட்டில் குளிரைப் பொறுத்துக்கொண்டு காத்திருக்க வேண்டாம். சாலை ஓடும்போதே சூடுள்ள இடத்துக்கு நகர்ந்துவிடுங்கள்.

## குழாயில் தண்ணீர் வரவில்லை

### ஒரே ஒரு குழாயில் மட்டும்

அந்தக் குழாய் வெளிச்சுவரை ஒட்டி ஓடுகிறதா? அப்படியென்றால் உறைந்திருக்கிறது. குழாயைத் திறந்தபடி விடுங்கள். நீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் விரிகிறது. ஆனால் குழாயை வெடிக்கவைப்பது பெரும்பாலும் பனிக்கட்டிக்கும் மூடிய குழாய்க்கும் நடுவே சிக்கிய நீரின் அழுத்தம்தான். திறந்துவிட்டால் அந்த அழுத்தம் போய்விடும்.

கழுவுதொட்டிக்கு அடியில் உள்ள அலமாரிக் கதவைத் திறந்து அறைக் காற்று உள்ளே போக விடுங்கள். குழாய் வாய்ப் பக்கத்திலிருந்து தொடங்கி உறைந்த இடம் நோக்கி, சுடுநீரில் நனைத்த துண்டாலோ தலைமுடி உலர்த்தியாலோ சூடாக்குங்கள். நடுவில் தொடங்கினால் உருகிய நீருக்கு வெளியேற வழியிருக்காது. தீப்பந்தமோ புளோ டார்ச்சோ கிட்டே கொண்டுபோகாதீர்கள். சுவருக்குள் உறைந்து கண்ணுக்குத் தெரியாவிட்டாலும், அரை மணி நேரத்தில் அசைவு இல்லாவிட்டாலும் பிளம்பர்.

### எல்லாக் குழாயிலும் இல்லை

பக்கத்து வீட்டைக் கேளுங்கள். அங்கும் இல்லையென்றால் தெருக் குழாயில் பிரச்சினை. அங்கே வருகிறது என்றால் மீட்டருக்குப் பக்கத்தில் உறைந்திருக்கலாம். கிணற்று மோட்டார் வீடென்றால் பிரேக்கரையும், பம்ப் அறையில் அழுத்தச் சுவிட்சுக்குப் போகும் மெல்லிய குழாய் உறைந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

### வெடித்துவிட்டது

மெயின் வால்வை மூடுங்கள். சாக்கெட், மின்பலகைப் பக்கம் நீர் போகிறது என்றால், ஈரத்தில் நிற்காமல் தொட முடிந்தால் மட்டும் மின்சாரத்தை அணையுங்கள். முடியாவிட்டால் விலகி நின்று அழையுங்கள். பிறகு எல்லாக் குழாயையும் திறந்து மீதி நீரை வடியவிடுங்கள். தண்ணீர் சூடாக்கும் தொட்டியை மறக்காமல் அணையுங்கள், நீர் இறங்கிய தொட்டியில் சூடேற்றும் கம்பி கருகிவிடும். சேதத்தைப் போட்டோ எடுத்துவிட்டு பிளம்பரைக் கூப்பிடுங்கள், காப்பீட்டுக்குப் படம் வேண்டும்.

வெளிவெப்பம் சுமார் மைனஸ் 6, 7 டிகிரியைத் தொடும்போது வெப்பக்காப்பு இல்லாத குழாய்கள் உறையத் தொடங்கும். அந்த இரவுகளில் வெளிச்சுவர்க் குழாய்களை நூலிழையாக ஒழுகவிடுங்கள். வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போவதாக இருந்தால் சூட்டை 13 டிகிரிக்குக் கீழே இறக்காதீர்கள், மெயின் வால்வையும் மூடிவிட்டுப் போங்கள்.

## ஜெனரேட்டர் தகராறு செய்கிறது

முதலில் இடம். வீட்டிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி, புகை வீட்டுக்கு எதிர்த்திசையில் போகும்படி, கதவு சன்னல் எதற்கும் நேராக இல்லாமல். கராஜ், திண்ணை எதுவும் கூடாது.

### கிளம்பவில்லை

எரிபொருள் வால்வு திறந்திருக்கிறதா, சோக் இழுத்திருக்கிறதா, சுவிட்ச் 'ஆன்' பக்கமா, தரை சமமாக இருக்கிறதா என்று பாருங்கள். இன்ஜின் எண்ணெய் குறைந்தாலோ இயந்திரம் சாய்ந்திருந்தாலோ உள்ளே உள்ள உணரி கிளம்ப விடாது. இதையெல்லாம் பார்த்தும் கிளம்பாவிட்டால் பெட்ரோலைச் சந்தேகப்படுங்கள். போன குளிர்காலத்துப் பெட்ரோல் தொட்டியில் இருந்தால் அதுதான் காரணம். மூன்று முதல் ஆறு மாதத்தில் பெட்ரோல் கெட்டு, கார்புரேட்டரில் பசையாகப் படியும். வடித்துவிட்டுப் புதிது ஊற்றி, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் துடைத்துப் பாருங்கள். அப்புறமும் இல்லையென்றால் கார்புரேட்டரைக் கழுவ மெக்கானிக்கிடம் போக வேண்டும். கையேடு சொல்லும் குளிர்கால எண்ணெய் ஊற்றியிருக்கிறீர்களா என்றும் பாருங்கள், தடித்த எண்ணெயில் கயிறே இழுபடாது. மாதம் ஒருமுறை சுமையோடு ஓட்டிப் பார்த்தால் இந்தப் பத்தியே உங்களுக்குத் தேவைப்படாது.

### ஓடுகிறது, கரண்ட் வரவில்லை அல்லது அடிக்கடி விழுகிறது

ஜெனரேட்டரிலேயே உள்ள பிரேக்கரை ஏற்றுங்கள். எல்லாவற்றையும் கழற்றி ஒரே ஒரு விளக்கை மாட்டிப் பாருங்கள். எரிந்தால் சுமைதான் பிரச்சினை. ஓர் அறை ஹீட்டர் மட்டும் 1,500 வாட் இழுக்கும். 2,000 வாட் இயந்திரத்தில் அது ஓடும்போது ஃப்ரிட்ஜ் கிளம்பினால் தாங்காது, ஏனென்றால் மோட்டார் கிளம்பும் நொடியில் ஓடுவதைவிடப் பல மடங்கு இழுக்கும். ஃப்ரிட்ஜ், பாய்லர் பம்ப், மோடம், இரண்டு விளக்கு: இதற்குத்தான் சின்ன ஜெனரேட்டர். சூட்டைப் போர்வையிடம் விட்டுவிடுங்கள். ஒற்றை விளக்கும் எரியவில்லை என்றால் பட்டறைக்குத்தான்.

ஜெனரேட்டர் ஒயரைச் சுவர் சாக்கெட்டில் மாட்டி வீட்டுக்கே கரண்ட் கொடுக்கும் வேலையை யார் சொல்லிக் கொடுத்தாலும் செய்யாதீர்கள். அந்தக் கரண்ட் பின்பக்கமாகத் தெருக் கம்பிக்கு ஏறி, உங்களுக்காகக் கம்பத்தில் வேலை செய்யும் தொழிலாளியைக் கொன்றுவிடும். வீட்டு ஒயரிங்கோடு இணைக்க வேண்டுமென்றால், எலக்ட்ரீஷியனை வைத்து, தெருக் கரண்டிலிருந்து பிரித்து ஜெனரேட்டருக்கு மாற்றிவிடும் சுவிட்ச் ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். எரிபொருள் ஊற்றுமுன் இயந்திரத்தை நிறுத்தி ஆறவிடுங்கள்.

## அடித்தளத்தில் நீர் ஏறுகிறது

பனி உருகும் நாளும் மின்வெட்டும் சேர்ந்து வந்தால், அடித்தளக் குழியில் சேரும் நீரை வெளியே இறைக்கும் குழிப் பம்ப் நின்றுபோகும். கரண்ட் இருந்தும் ஓடவில்லையென்றால், மிதவை சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். ஓடியும் நீர் குறையவில்லையென்றால் வெளியேற்றும் குழாயின் வெளிமுனை உறைந்திருக்கும். நீர் சாக்கெட் உயரத்தை நெருங்கிவிட்டால் உள்ளே கால் வைக்காதீர்கள்.

## கூரை விளிம்பில் தடித்த பனிக்கட்டி, உட்கூரையில் ஈரக்கறை

வீட்டுச் சூடு கூரைக்குக் கசிந்து, மேலே உள்ள பனி உருகி, குளிர்ந்த விளிம்புக்கு வந்து மறுபடி உறைந்து அணை கட்டுகிறது. பின்னால் தேங்கும் நீர் உள்ளே இறங்குகிறது. தரையில் நின்றபடி நீளக்கைப் பனிவாரியால் விளிம்பிலிருந்து ஒரு மீட்டர் அளவுக்குப் பனியை இழுத்துவிடுங்கள். மின்கம்பி பக்கத்தில் இருந்தால் அதையும் செய்யாதீர்கள். கூரை மேல் ஏறக் கூடாது, கோடாலியால் வெட்டக் கூடாது. உட்கூரை நீர் கோத்துத் தொங்கினால் கீழே வாளி வைத்து, அங்கே விளக்கு இல்லையென்று பார்த்துக்கொண்டு, ஒரு சின்னத் துளை போட்டு வடியவிடுங்கள். மொத்தமாக இடிந்து விழுவதைவிட அது மேல். நீர் நிற்கவில்லை என்றால் நீராவியால் பனிக்கட்டியை நீக்குபவர்களைக் கூப்பிடுங்கள். பரணில் இடுக்குகளை அடைத்து வெப்பக்காப்பு போடாமல் இது ஒவ்வொரு வருடமும் திரும்பி வரும்.

## ஃப்ரிட்ஜ் நின்று நேரமாகிவிட்டது

கதவைத் திறக்காமல் இருந்தால் ஃப்ரிட்ஜ் சுமார் 4 மணி நேரம் குளிரைப் பிடித்துவைக்கும். நிறைந்த ஃப்ரீசர் 48 மணி நேரம், பாதி நிறைந்தது 24 மணி நேரம். பால், இறைச்சி, சமைத்த உணவு 4 டிகிரிக்கு மேலான வெப்பத்தில் 2 மணி நேரத்துக்கு மேல் இருந்திருந்தால் முகர்ந்து பார்த்து முடிவு செய்யாமல் கொட்டிவிடுங்கள். ஃப்ரீசரில் இன்னும் பனிப்படிகம் தெரிகிற பொருளை மறுபடி உறையவைக்கலாம். வெளியேதான் குளிராக இருக்கிறதே என்று உணவை வெளியில் வைக்காதீர்கள், பகல் வெயிலில் சூடேறும், விலங்குகளும் வரும். அதற்குப் பதில் பாத்திரத்தில் நீரை வெளியே உறையவைத்து, அந்தக் கட்டியை உள்ளே கொண்டுவந்து வையுங்கள். இன்சுலின் உறைந்துபோனால் உருகிய பிறகும் பயன்படுத்தக் கூடாது.

## போன் சீக்கிரம் தீர்கிறது

குளிரில் பேட்டரி வலுவிழக்கும். உள்சட்டைப் பையில் வையுங்கள், திரை வெளிச்சத்தைக் குறையுங்கள், பேசுவதற்குப் பதில் குறுஞ்செய்தி அனுப்புங்கள். லித்தியம் பேட்டரிப் பெட்டி வைத்திருந்தால், பூஜ்யம் டிகிரிக்குக் கீழே குளிர்ந்த நிலையில் சார்ஜ் ஏற்றாதீர்கள். அறைக்குள் கொண்டுவந்து சூடான பிறகு ஏற்றுங்கள்.

## கரண்ட் வந்துவிட்டது, இப்போது

முதலில் சூடேற்றும் இயந்திரம், அது நிலையாக ஓடியதும் ஃப்ரிட்ஜ், அப்புறம் மற்றது என்று இடைவெளி விட்டு ஏற்றுங்கள். ஹீட் பம்ப் கடுங்குளிரில் பல மணி நேரம் நின்றிருந்தால் உடனே முழு வேகத்தில் ஓட்டாமல், கையேடு எவ்வளவு நேரம் காத்திருக்கச் சொல்கிறது என்று பார்த்து, அதுவரை துணை வெப்பத்தில் ஓட்டுங்கள். கம்ப்ரஸருக்குள் தங்கிய எண்ணெய் சூடாக அவகாசம் வேண்டும்.

உறைந்த குழாயின் விரிசல், பனிக்கட்டி அடைத்திருக்கும் வரை ஒழுகாது. வீடு சூடாகி அது உருகும்போதுதான் நீர் வெளிவரும். அதனால் முதல் ஒரு நாள் யாராவது வீட்டில் இருங்கள். எல்லாக் குழாயையும் மூடிவிட்டு மீட்டரைப் பாருங்கள், முள் நகர்ந்தால் எங்கோ கசிகிறது. தொட்டியடி, வெளிச்சுவர், அடித்தளக் கூரை ஆகியவற்றைக் கையால் தடவிப் பாருங்கள். ஈரம் தட்டுப்பட்டால் மெயின் வால்வை மூடிவிட்டு பிளம்பரைக் கூப்பிடுங்கள்.